ட்ரூன் கடற்கரையில் ஒரு மழைச் சனிக்கிழமை: கோல்ப் பார்க்கப் போய் நான் பட்டதும் கற்றதும்

2024 ஜூலையில் ஸ்கொட்லாந்தில் ட்ரூன் என்ற கடற்கரை ஊரில் நடந்த தி ஓப்பன் கோல்ப் போட்டியை நேரில் பார்த்துவிட்டு வந்தேன். போவதற்கு முன் இதைப் பற்றி விபரம் கேட்கக் கிளிநொச்சியில் ஒருவரும் கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போய் பிரேமதாச மைதானத்தில் கிரிக்கெட் பார்த்தவர்கள் எங்கள் பாடசாலையிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். கோல்ப் பார்த்த ஒருவரை வவுனியா வரை விசாரித்தும் காணவில்லை. கேட்க ஆளில்லாமல் போனதால் 160 பவுண்ஸ் காசையும், ஒரு முழு நாளையும், நான் மிகவும் ஆசைப்பட்டிருந்த ஒரு காட்சியையும் இழந்தேன். பிள்ளைகளைப் பார்க்க, சகோதரங்களைப் பார்க்க என்று வன்னியிலிருந்து பிரித்தானியாவுக்குப் போய்வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவருக்காவது இந்த விளையாட்டில் ஆசை இருந்தால் அவர் நான் பட்டதைப் படக்கூடாது. அதற்காகத்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வயல் வரம்பில் வளர்ந்தவனுக்கு கோல்ப் ஆசை எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அப்பாவிடமிருந்துதான். அப்பா பிறந்தது நுவரெலியாப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில். பன்னிரண்டு வயதிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டதும் நுவரெலியா கோல்ப் மைதானத்துக்கு ஓடிப்போய், விளையாட வருகிற துரைமாரின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடி வேலை செய்திருக்கிறார். 1889இல் வெள்ளைக்காரர் உண்டாக்கிய மைதானம் அது; இன்றைக்கும் நகரத்தோடு ஒட்டியே இருக்கிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த எத்தனையோ குடும்பங்களோடு அவருடைய குடும்பமும் கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியது. அதற்குப் பிறகு அப்பா ஒரு கோல்ப் பந்தைக் கையால் தொட்டதில்லை. ஆனால் இரவில் பன்றிக் காவலுக்கு வயலுக்குப் போனால் எனக்கும் அக்காவுக்கும் அவர் சொல்லும் கதை இதுதான். எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை, காற்று எதிர்த்தால் என்ன செய்வது, பந்து புல்லுக்குள் போனால் புல் சாய்ந்திருக்கிற விதத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது. இது பிறந்தது ஸ்கொட்லாந்தில், அங்கே கடற்கரை மணலில் மரமே இல்லாமல் மைதானம் இருக்கும் என்று எந்தத் துரையோ சொன்னதையும் சொல்வார். அக்கா கிளாஸ்கோவில் முதியோர் இல்லமொன்றுக்கு வேலைக்குப் போனபோது அப்பா முதலில் கேட்டது, அங்கேயிருந்து கடல் எவ்வளவு தூரம் என்றுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தி ஓப்பன் என்பது கோல்பின் நான்கு பெரிய போட்டிகளில் மிகப் பழையது. 1860இல் ட்ரூனுக்குப் பக்கத்து ஊரான பிரெஸ்ட்விக்கில் எட்டுப் பேரோடு தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் பிரித்தானியாவில் வேறு வேறு கடற்கரை மைதானங்களில் மாறி மாறி நடக்கும். நான் பார்த்தது 152ஆவது. அந்த வாரம் முழுவதும் சேர்த்து இரண்டரை இலட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட போட்டிக்கு வாசலில் போய் டிக்கெட் வாங்கலாம் என்று நினைத்ததுதான் என் முதல் பிழை. டிக்கெட்டைக் குலுக்கல் முறையில் கொடுக்கிறார்கள், அதுவும் முந்தின வருடமே. அவர்களுடைய இணையத்தளத்தில் இலவசமாகப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு விசா கிடைக்குமா, வலயக் கல்விப் பணிமனை விடுமுறை தருமா என்று ஒன்றும் தெரியாது. அதனால் பெயர் போடாமல் இருந்துவிட்டேன். அப்போது விசாக் கட்டணமே 115 பவுண்ஸ். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 45,000 ரூபாய். அது கையில் வந்த பிறகு மற்றதைப் பார்ப்போம் என்பது என் எண்ணம். அது பிழை. அங்கே இருக்கிற உறவினர் ஒருவரைக் கொண்டு குலுக்கலில் பெயரைப் போட்டு வையுங்கள். விசா கிடைக்காவிட்டால் அந்த டிக்கெட்டை அவர்களுடைய மறுவிற்பனைத் தளத்திலேயே திருப்பி விற்க முடியும்.

இந்த மறுவிற்பனைத் தளம் என்ற ஒன்று இருப்பது எனக்கு அப்போது தெரியாது. விசா மே மாதம் வந்தது. உடனே முகநூலில் தேடினேன். டிக்கெட் விற்கிறோம், வாங்குகிறோம் என்று ஒரு குழு. ஒருவர் வியாழக்கிழமை டிக்கெட் இருக்கிறது, வேலை வந்துவிட்டது, 160 பவுண்ஸுக்குத் தருகிறேன் என்று எழுதியிருந்தார். அவருடைய பக்கத்தில் மனைவி, பிள்ளைகள், நாய்க்குட்டி எல்லாம் இருந்தன. நல்ல குடும்பம் என்று நம்பினேன். அக்காவிடம் சொன்னால் தான் காசு கட்டுவேன் என்று நிற்பாள், ஏற்கெனவே இரண்டு வேலை செய்கிறாள் என்று அவளுக்குச் சொல்லாமல், அவளுடைய மகனைக் கொண்டு காசை அனுப்புவித்தேன். காசு போன பத்து நிமிடத்தில் டிக்கெட்டின் படம் ஒன்று கைபேசிக்கு வந்தது. பெயர், திகதி, கோடு கோடாக ஒரு சதுரம், எல்லாம் சரியாக இருந்தது.

ஜூலை 18, வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கே எழும்பி, கிளாஸ்கோ சென்ட்ரலில் ரயில் ஏறி, முக்கால் மணி நேரத்தில் ட்ரூனில் இறங்கினேன். அன்றைக்கு டைகர் வூட்ஸ் ஆடுகிற நாள். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே இன்றைய ஆட்டக்காரர் அவர்தான். வாசலில் இருந்த பிள்ளை என் கைபேசியைப் பார்த்தாள். "இது படம் மட்டும்தானே, செயலியில் திறந்து காட்டுங்கள்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. இன்னொரு அதிகாரி வந்து பொறுமையாக விளக்கினார். டிக்கெட் அவர்களுடைய கைபேசிச் செயலிக்குள் மட்டும்தான் இருக்கும். ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதென்றாலும் அந்தச் செயலி வழியாகத்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். படம் எடுத்து அனுப்பினால் அது வெறும் படம். அவர் என்னை அவமதிக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஆனால் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. விற்றவருக்கு அழைத்தேன். அந்தக் கணக்கே இல்லை. உள்ளேயிருந்து கைதட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. வேலி ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கடற்கரைக்குப் போய் ஒரு வாங்கில் இருந்து அக்கா கட்டித்தந்த ரொட்டியைச் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை. 160 பவுண்ஸ் என்றால் 62,000 ரூபாய்க்கு மேல், என் ஒரு மாதச் சம்பளம். அந்தக் காசுக்கு அப்பா எத்தனை மூடை நெல் விற்க வேண்டும் என்ற கணக்குத்தான் மண்டைக்குள் ஓடியது.

இதை வாசிக்கிறவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டியை நடத்துகிறவர்களின் தளத்துக்கு வெளியே, எவ்வளவு நல்ல முகமாக இருந்தாலும், டிக்கெட் வாங்க வேண்டாம். அப்புறம், வீட்டில் சொல்லாமல் எதையும் செய்ய வேண்டாம். அன்று பின்னேரம் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஏசவில்லை. "எனக்குச் சொல்லியிருந்தா வேலை செய்யிற இடத்தில ஒருத்தரைக் கேட்டிருப்பேனே" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் கேட்டும் விட்டாள். அங்கே கோல்ப் ஆடும் ஒரு முதியவர்தான் மறுவிற்பனைத் தளத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் மருமகனும் நானும் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தோம். டிக்கெட் வரும், தொடுவதற்குள் போய்விடும். இரவு ஒன்பது மணி தாண்டி, சனிக்கிழமைக்கு ஒன்று அகப்பட்டது. ஏறக்குறைய 100 பவுண்ஸ். அக்காதான் கட்டினாள்.

ஆனால் அன்றிரவு செய்தியில் இன்னொன்று தெரிந்தது. டைகர் வூட்ஸ் வெளியேறிவிட்டார். இன்னொரு பெயர் பெற்ற ஆட்டக்காரரான ரோரி மெக்கில்ராயும் வெளியேறிவிட்டார். போட்டி நான்கு நாள் என்றாலும் எல்லோரும் நான்கு நாளும் ஆடுவதில்லை. 150 பேருக்கு மேல் தொடங்குவார்கள். இரண்டு நாள் முடிந்ததும் முதல் 70 இடங்களுக்குள்ளும், 70ஆவது இடத்தில் சமமாகவும் நிற்பவர்கள் மட்டும் மிச்சம் இரண்டு நாள் ஆடுவார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இது கோல்ப் தெரிந்தவர்களுக்குச் சாதாரண விஷயம். அப்பாவின் காலத்து நுவரெலியாவில் இப்படியெல்லாம் இல்லாததால் எனக்கு உறைக்கவில்லை. ஆகவே குறிப்பிட்ட ஒருவரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வியாழன் அல்லது வெள்ளிக்கு டிக்கெட் எடுங்கள். யார் வெல்லப்போகிறார் என்ற பரபரப்பு வேண்டுமென்றால் சனி, ஞாயிறு. அப்பாவுக்கு வைபரில் சொன்னபோது, "பரவாயில்ல, யார் ஆடினா என்ன, கிரவுண்டைப் பார்த்துட்டு வா" என்றார். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை போகும்போது காலை வானம் மப்பாக இருந்தது, அவ்வளவுதான். நான் துணிச் சப்பாத்து ஒன்றைப் போட்டுக்கொண்டு, மருமகனின் பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். இந்த முறை வாசலில் செயலியைத் திறந்ததும் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போய் ஒரு மணல்மேட்டில் ஏறி நின்றபோது அப்பா சொன்னது அப்படியே கண்முன் கிடந்தது. மரம் இல்லை. கடல், மணல்மேடு, காற்றில் படுத்தெழும்பும் நீளப்புல், அதற்கு நடுவே பச்சைப் பாய் விரித்ததுபோல ஒவ்வொரு குழிக்கும் ஒரு புல்தரை. கொஞ்ச நேரம் நடக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மறுபடியும் ஒரு பிழை விட்டேன். உலகத்தின் முதல்நிலை ஆட்டக்காரர் ஸ்கொட்டி ஷெஃப்லருக்குப் பின்னால் நடந்தேன். கிரிக்கெட்டில் எங்கே இருந்தாலும் முழு ஆட்டமும் தெரியும். கோல்பில் பதினெட்டுக் குழியும் மைல் கணக்கில் பரந்து கிடக்கின்றன. ஆட்டக்காரர் நகர்ந்துகொண்டே இருப்பார். பெயர் பெற்றவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் சனம் போகிறது. நான் ஓடிப்போய்ச் சேரும்போது கயிற்றோரம் நாலைந்து வரிசை ஆட்கள். மட்டை பந்தில் படுகிற சத்தம் கேட்கும், பிறகு எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பும். நான் பார்த்தது அந்தத் தலைகளைத்தான். கயிறு கட்டிய மைதானத்தை நினைத்த இடத்தில் கடக்கவும் முடியாது. குறிப்பிட்ட கடவைகளில், அவர்கள் திறந்துவிடும்போதுதான் போகலாம். இரண்டு மணி நேரம் இப்படிப் போனது. ஒரு முழு அடியைக்கூட நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு வயதான ஸ்கொட்லாந்துக்காரர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "எட்டுக்குப் போ, போய் இரு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் மறக்கமாட்டேன். எட்டாம் குழிக்குத் தபால் முத்திரை என்று பெயர். அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து குழிவரை நீளம் வெறும் 123 யார். எங்கள் பாடசாலை மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை. ஒரே அடியில் பந்தைப் புல்தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆனால் புல்தரை ஒடுக்கமானது, சுற்றிவர ஐந்து மணல்குழிகள். 1973இல் ஜீன் சராசென் என்ற பழைய வீரர் 71 வயதில் இங்கே ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டிருக்கிறார். சுற்றிலும் படிக்கட்டு இருக்கைகள் உண்டு. அவற்றுக்குத் தனிக் காசு இல்லை, இடம் கிடைத்தால் இருக்கலாம். அரை மணி நேரம் வரிசையில் நின்று ஏறினேன். அதற்குப் பிறகு நான் ஒருவரையும் துரத்தவில்லை. ஆட்டக்காரர்கள் இரண்டிரண்டு பேராக என்னிடம் வந்துகொண்டேயிருந்தார்கள். அடிப்பதும், பந்து விழுவதும், அதைக் குழிக்குள் போடுவதும் எல்லாம் கண்ணுக்கு முன்னால். முதல் தடவை போகிறவர்கள் இப்படி ஒரு குட்டைக் குழியைத் தேடிப்பிடித்து இருந்துவிடுங்கள். வேறு இடங்களில் நடப்பதை நீங்கள் தவறவிடத்தான் செய்வீர்கள். அன்றைக்கு சி வூ கிம் என்ற தென்கொரிய ஆட்டக்காரர் பதினேழாம் குழியில் 238 யார் தூரத்தை ஒரே அடியில் முடித்தார். நான் அதை இரவு தொலைக்காட்சியில்தான் பார்த்தேன்.

அந்த மணல்குழிகளைக் கோல்பில் பங்கர் என்பார்கள். சின்ன வயதில் அப்பா கதையில் அந்தச் சொல் வரும்போது, பங்கருக்குள் பந்து விழுந்தால் துரைக்குக் கோபம் வரும் என்பார். பிறகு எங்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் மாறிவிட்டது. பனங்குற்றி அடுக்கி மண்மூடை போட்ட பங்கருக்குள் எத்தனை இரவு இருந்தோம் என்று வன்னியில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. எட்டாம் குழியின் இடப்பக்கத்துப் பங்கருக்குச் சவப்பெட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர் அதைச் சொன்னபோது என் வயிறு ஒருமுறை சுருங்கி விரிந்தது. வெள்ளிக்கிழமை முடிவில் முன்னணியில் நின்ற ஷேன் லவ்ரி பின்னேரம் அந்த எட்டாம் குழியில்தான் மணலில் சிக்கி இரண்டு அடி கூடுதலாக அடிக்க வேண்டியதாயிற்று; கோல்பில் குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. மணலுக்குள் இறங்கி நின்ற அவருடைய தோளுக்கு மேல்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் அவரைப் பார்க்காமல் அந்த மணல்குழியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் மழை பிடித்துவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு வந்த மழை, காற்றோடு பக்கவாட்டில் அடித்தது. குடை திரும்பியது. மருமகனின் மழைக்கோட்டு சரசரவென்று சத்தம் போடும் வகை. ஆட்டக்காரர் பந்துக்கு முன்னால் நின்றதும் ஊழியர்கள் கையை உயர்த்துவார்கள். ஆயிரக்கணக்கான சனம் மூச்சடக்கி நிற்கும். அந்த அமைதியில் என் கோட்டுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கையை உடம்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். துணி போல் மெதுவான மழை அங்கி வாங்குங்கள். தண்ணீர் புகாத சப்பாத்து கட்டாயம் போடுங்கள். ஒரு சோடிக் காலுறை பையில் வையுங்கள். கைபேசியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளலாம், தடை இல்லை. ஆனால் குளிரிலும் படமெடுப்பிலும் என்னுடையது நாலு மணிக்கே செத்துவிட்டது. ரயில் டிக்கெட்டும் அதற்குள்தான் இருந்தது. கையோடு மின்கலம் ஒன்று கொண்டுபோகவேண்டும், ரயில் டிக்கெட்டைக் கடதாசியில் எடுத்து வைக்கவேண்டும். நான் நின்ற உணவுக் கடையில் காசுத்தாள் வாங்கவில்லை, அட்டை மட்டும்தான். நல்லவேளை, அக்கா தன் அட்டையைத் தந்திருந்தாள். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனது உதவியது. குடிதண்ணீரைப் போத்தலில் இலவசமாக நிரப்பிக்கொள்ளக் குழாய்கள் இருக்கின்றன.

அந்த மழைக்குள்தான் நான் பார்க்கப் போனதைப் பார்த்தேன். ஒரு கேடி, பெயர் தெரியாது, நாற்பது வயது இருக்கும். குடையை விரித்து, அதன் உட்பக்கக் கம்பியில் ஒரு வெள்ளைத் துவாயைக் கொழுவித் தொங்கவிட்டிருந்தார். தன் தலையும் முதுகும் நனைய, அந்தக் குடையைப் பைக்கு மேல் பிடித்திருந்தார். ஆட்டக்காரர் கையை நீட்டும் கடைசி விநாடியில் மட்டையை உருவி, குடைக்குள் தொங்கும் துவாயால் கைபிடியை ஒரு தடவை உருட்டித் துடைத்துக் கொடுத்தார். அடித்து முடிந்ததும் வாங்கி, திரும்பவும் ஒரு துடைப்பு. துவாயின் நுனி மட்டும் நனைந்து சாம்பலாகியிருந்தது. நுவரெலியா மழையில் சாக்கைத் தலைக்கு மடித்துப் போட்டுக்கொண்டு, பெனியனைக் கழற்றி மட்டைக் கைபிடியைச் சுற்றி வைத்திருந்தேன் என்று அப்பா சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

திரும்பும்போது ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசை. கடைசி ஆட்டம் முடியும்வரை நின்றால் இதுதான் நடக்கும். அரை மணி முந்தி வெளிக்கிட்டால் தப்பலாம். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபோது இரண்டு குதிக்காலிலும் தோல் உரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை முடிவை அக்கா வீட்டில் இருந்தே பார்த்தேன்: சாண்டர் ஷோஃபலே அன்றைய ஆட்டத்தை 65 அடிகளில் முடித்து, மொத்தத்தில் இரண்டு அடி வித்தியாசத்தில் வென்றார். எல்லாம் கூட்டிப் பார்த்தால், விமானச் செலவும் விசாவும் போக, அந்தக் கோல்புக்காக மட்டும் 300 பவுண்ஸ் முடிந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் வீண். சரியாகச் செய்திருந்தால் 140க்குள் இரண்டு மடங்கு பார்த்திருக்கலாம்.

2026இல் இந்தப் போட்டி இங்கிலாந்தின் ராயல் பேர்க்டேலில், 2027இல் சென்ட் ஆன்ட்ரூஸில். சென்ட் ஆன்ட்ரூஸுக்கு நேராக ரயில் இல்லை. லூக்கர்ஸ் என்ற நிலையத்தில் இறங்கி பஸ் எடுக்க வேண்டும் என்று அந்த முதியவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், விளையாட்டு எப்படி என்று பார்க்க ஆசைப்பட்டால் திருகோணமலை சீனன்குடாவில் விமானப்படையின் கோல்ப் மைதானம் இருக்கிறது. 

ஊருக்கு வந்த அன்று இரவு, நனைந்து காய்ந்து சுருங்கிப்போயிருந்த மைதான வரைபடத்தை அப்பாவின் முன்னால் விரித்தேன். கண் சரியாகத் தெரியாததால் விரலால் கடற்கரையைத் தடவிக்கொண்டே கேட்டார். டைகரைப் பற்றிக் கேட்கவில்லை. தபால் முத்திரைக்கு எந்த மட்டை எடுத்தார்கள், காற்று எந்தப் பக்கம் என்றார். பிறகு அந்தக் கேடியைப் பற்றிச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். அவர் எழும்பிப்போய் மூலையில் கிடந்த கறுப்புக் குடையை எடுத்து வீட்டுக்குள்ளேயே விரித்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கம்பியில் கொழுவினார். தன் ஊன்றுகோலைக் குடைக்குள் இழுத்து, அதன் கைபிடியைத் துவாயால் மெதுவாக உருட்டி, "இப்படியா?" என்று கேட்டார். ஆம் என்றேன். கோலை என் பக்கம் நீட்டினார்.